துன்புற்றோனும் தேற்ற வந்தோரும்: யோபு நூல் விளக்கம்

யூதர்களின் மறைநூலுக்குத் 'தனாக்' என்று பெயர். தோரா என்னும் திருச்சட்டம், நெவீம் என்னும் தீர்க்கதரிசிகளின் நூல்கள், கெத்துவீம் என்னும் ஏனைய நூல்கள் ஆகிய முப்பெரும் பிரிவுகளின் முதலெழுத்துகளைக் கூட்டி அமைத்த பெயர் அது. யூதர் கணக்குப்படி அதன்கண் 24 நூல்கள் உள. மூன்றாம் பிரிவில் அடங்குவது யோபு நூல். எபிரேய மொழியில் அதன் பெயர் 'இய்யோவ்'. யோபு, நீதிமொழிகள், சங்கீதம் ஆகிய மூன்று நூல்களையும் ஓதுவதற்கு ஏனைய நூல்களுக்கில்லாத தனி இசைக்குறி முறை உண்டு. இம்மூன்றன் எபிரேயப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'எமெத்' என்னும் சொல் பிறக்கும். 'உண்மை' என்பது அதன் பொருள். ஆகவே அவற்றை 'எமெத் நூல்கள்' என்றே யூதர் வழங்கினர். எழுத்துகள் தற்செயலாகக் கூடியதால் வந்த பெயர்தான். ஆயினும் யோபு நூலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திருக்க முடியாது. துன்பத்தில் கிடப்பவன் முன்னிலையில் உண்மை பேசுவது எது, பத்திபோல் ஒலிக்கும் பொய் பேசுவது எது என்பதே அந்நூல் எடுத்துக்கொண்ட வழக்கு.

நூலாசிரியர் பெயர் தெரியவில்லை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக்கும் 4-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இந்நூல் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது என்பது அறிஞர் பலர் கருத்து. எருசலேம் கோயில் இடிபட்டு, யூத மக்கள் பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்டதையும் அதன் பின்விளைவுகளையும் கண்ட காலம் அது. நூலின் எபிரேய நடை மிகக் கடினமானது. மறைநூலில் வேறெங்கும் வாராத அருஞ்சொற்கள் இதில் மிகுதி. பண்டைக் காலத்திலேயே இதற்கு அரமேய மொழிபெயர்ப்பு வேண்டப்பட்டது. அத்தகைய மொழிபெயர்ப்பு ஒன்றின் சுருள் 1956-இல் சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளுள் ஒன்றிலிருந்து கிடைத்தது.

கதை சிறியது. ஊத்சு நாட்டில் யோபு என்னும் செல்வன் வாழ்ந்தான். 7 புதல்வர், 3 புதல்வியர், 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள் என அவன் செல்வம் கணக்கிடப்படுகிறது. தீமையை விலக்கி வாழ்ந்தவன் என்றும் நூல் முதலிலேயே சான்று கூறிவிடுகிறது. ஒரே நாளில் கால்நடையும் பணியாட்களும் பத்துப் பிள்ளைகளும் அழிந்தனர். பின்னர் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொடிய புண்கள் கண்டன. அவன் சாம்பலில் அமர்ந்து ஓட்டால் தன்னைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

இதற்குக் காரணமாக விண்ணவையில் நடந்த ஓர் உரையாடலை நூல் காட்டுகிறது. ஆங்கு வருபவன் 'ஹஸ்ஸாத்தான்'. பிற்காலத்தார் கருதும் அலகையின் இயற்பெயர் அன்று இது. முன் நிற்கும் 'ஹ' என்பது எபிரேயத்தில் ஒரு பொருளைச் சுட்டிக் கூறும் இடைச்சொல். இயற்பெயர் முன் அது வாராது. ஆகவே ஈண்டு அச்சொல் ஒரு பதவியைக் குறிக்கிறது. குற்றஞ்சாட்டும் அலுவலன் என்பது பொருள். யோபு பயன் ஏதுமின்றியா இறைவனுக்கு அஞ்சி நடக்கிறான் என்பது அவன் கேட்கும் கேள்வி. 'பயனின்றி' என்பதற்கு அவன் ஆளும் எபிரேயச் சொல் 'ஹின்னாம்'. அடுத்த அதிகாரத்தில் இறைவனே அச்சொல்லைத் திருப்பி ஆளுகிறார். யோபுவைக் காரணமின்றி அழிக்க நீ என்னைத் தூண்டினாய் என்று அவர் சொல்லும்போதும் 'ஹின்னாம்' என்பதே சொல். கைம்மாறு கருதாத பத்தி ஒன்று உண்டா என்று கேட்டவனுக்கு, காரணமற்ற துன்பம் ஒன்று உண்டு என்று அதே சொல்லால் விடை வந்துவிடுகிறது. இவ்வொரு சொல்லைக் கைவிடாமல் பற்றிக்கொண்டால் நூல் முழுவதும் விளங்கும். நண்பர்கள் இனிப் பேசப்போவன எல்லாம் தவறு என்பதைப் படிப்பவர் இரண்டாம் அதிகாரத்திலேயே அறிந்துகொள்கிறார். யோபு மட்டும் அறியான். இறுதிவரை அவனுக்கு அது சொல்லப்படவுமில்லை.

மனைவியின் சொல் ஒன்றும் ஈண்டு வருகிறது. இறைவனைச் சபித்துவிட்டுச் செத்துப்போ என்பது அவள் கருத்து. ஆனால் எபிரேய மூலத்தில் நிற்பது 'வாழ்த்து' என்னும் சொல். இறைவன் பெயரோடு சபித்தற் சொல்லைச் சேர்க்க எழுதியோர் கூசினர். மங்கலச் சொல்லால் அமங்கலத்தை உணர்த்தினர். தமிழிலக்கணம் 'மங்கலம்' என்று தகுதி வழக்கில் வகுத்திருப்பதை அறிந்த ஆசிரியர்க்கு இது புதிதன்று.

பள்ளிகளில் இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இவ்விடத்திலிருந்து ஒரே தாவாகக் கடைசி அதிகாரத்திற்குப் போய்விடுவர். யோபு பொறுத்தான், இழந்ததெல்லாம் இரட்டிப்பாகப் பெற்றான், கதை முடிந்தது. பொறுமைக்கு யோபு என்னும் பழமொழியும் அவ்வாறு வந்ததே. நடுவிலுள்ள நாற்பது அதிகாரங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மாணவர் கேட்பதில்லை. அவ்வதிகாரங்களில் யோபு பொறுமையாக இல்லை. தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். இறைவனை வழக்குக்கு அழைக்கிறான். இருவர்க்கும் நடுவே நின்று தீர்ப்புக் கூற ஒருவரும் இல்லையே என்று குமுறுகிறான். உரைநடைத் தொடக்கத்தையும் உரைநடை முடிவையும் மட்டும் படிப்பவர் வீட்டின் வாயிற்படியையும் கொல்லைக் கதவையும் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்தோம் என்பவரை ஒப்பர்.

யோபுவின் துன்பம் கேட்டு மூன்று நண்பர்கள் தத்தம் ஊரிலிருந்து வருகின்றனர். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்பன அவர்தம் பெயர்கள். தொலைவிலிருந்து பார்த்தபோது அவர்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. வாய்விட்டு அழுது, ஆடையைக் கிழித்து, தலைமேல் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டு, ஏழு பகலும் ஏழிரவும் அவனோடு தரையில் உட்கார்ந்தனர். ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்கள் செய்த நற்செயல் அதுவே. யோபு வாய் திறந்து கதறியபின் அவர்களும் வாய் திறந்தனர். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

அவர்களுடைய வாதம் ஒன்றே. இறைவன் நீதியுள்ளவர், நீதியுள்ளவர் குற்றமற்றவனைத் தண்டியார், யோபு தண்டிக்கப்பட்டிருக்கிறான், ஆகவே யோபு குற்றவாளி. தருக்க முறையில் இதில் ஓட்டையில்லை. முடிவு மட்டும் பொய். மூவரும் கொடியவர் அல்லர் என்பதை மறத்தலாகாது. எலிப்பாஸ் முதலில் மிக மென்மையாகவே பேசுகிறான். மற்றவரைத் தேற்றிய நீயே இப்போது தளரலாமா, குற்றமற்றவன் அழிந்ததுண்டா என்று வினவுகிறான். பில்தாத் சற்றுக் கடுமையானவன். பிள்ளைகள் இறந்தது அவர்கள் செய்த பாவத்தால் இருக்கலாம் என்று பத்துப் பிள்ளைகளை இழந்த தந்தையிடம் சொல்லத் துணிகிறான். சோப்பாரோ, குற்றத்துக்குரிய தண்டனையில் இறைவன் இன்னும் குறைத்தே கொடுத்திருக்கிறார் என்கிறான். வாதம் சுற்றிச் சுற்றி வளர்கிறது. இருபத்திரண்டாம் அதிகாரத்தில் மென்மையாகத் தொடங்கிய எலிப்பாஸே, யோபு ஏழையின் ஆடையைப் பறித்தான், பசித்தவனுக்கு உணவு மறுத்தான், கைம்பெண்களை வெறுங்கையாய்த் துரத்தினான் என்று குற்றப் பட்டியல் ஒன்றையே புனைந்துவிடுகிறான். அவற்றுள் ஒன்றையும் அவன் கண்டதில்லை. தன் கொள்கை பிழைபட்டதென ஒப்புவதைவிட நண்பன் மேல் பழி சுமத்துவது அவனுக்கு எளிதாயிற்று. கொள்கையைக் காப்பாற்ற மனிதனைப் பலியிடும் இவ்விடமே நூலில் மிகக் கொடிய இடம் எனலாம். யோபுவின் புண்கள்கூட இதற்கு அடுத்தபடியே.

நண்பர்களைப் பற்றி யோபு கூறும் உவமை ஒன்று நோக்கத்தக்கது. பாலைநிலத்தில் மழைக்காலத்தில் மட்டும் பெருக்கெடுக்கும் காட்டாறுகள் உண்டு. நீர் தேவைப்படாத குளிர்காலத்தில் அவை கரைபுரளும். வெயில் ஏறியதும் இருந்த இடம் தெரியாமல் வற்றிவிடும். வணிகக் கூட்டத்தார் பழைய நினைவை நம்பி வழிவிலகி அங்கே போய், மணலைக் கண்டு நாணி நிற்பர். நீங்கள் அத்தகையவர் என்கிறான் யோபு. நண்பர்கள் வாராமல் இருந்தனர் என்பது அவன் குறையன்று. வந்தனர்; பேசினர்; தாகத்திற்கு நீர் இல்லை.

முப்பத்தோராம் அதிகாரத்தில் யோபு தன் வாழ்க்கையைத் தானே விசாரிக்கிறான். பிறன்மனை நோக்கினேனா, பணியாளின் வழக்கைத் தள்ளினேனா, தனியே உண்டேனா, பகைவன் கேட்டில் மகிழ்ந்தேனா என ஒவ்வொன்றாக எடுத்து ஆணையிட்டு மறுக்கிறான். தற்சோதனைக்கு அவன் அஞ்சவில்லை என்பது இதனால் தெளிவு. பிறர் தன்மேல் ஏற்றும் பொய்க்குற்றத்தை ஒப்புக்கொண்டு அமைதி தேடவே மறுத்தான். பின்னர் எலிகூ என்னும் இளைஞன் வந்து ஆறு அதிகாரம் பேசுகிறான். அவனுக்கு எவரும் விடை கூறவில்லை.

இறுதியில் சூறைக்காற்றினின்று இறைவன் பேசுகிறார். அவர் கூறுவது விடையன்று, வினாக்களே. மண்ணுலகுக்கு அடித்தளம் இட்ட நாளில் நீ எங்கிருந்தாய்? கடலுக்குக் கதவு அடைத்தவர் யார்? வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா? இவ்வாறு பனிக்கிடங்கு, விண்மீன், காட்டுக் கழுதை, தீக்கோழி, போர்க்குதிரை, பருந்து எனக் காட்சிகள் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று மிக நுட்பமானது. மனிதர் எவரும் வாழாத பாலையில் மழை பெய்கிறது. அங்கே நல்லவரும் இல்லை, தீயவரும் இல்லை. பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. நண்பர்கள் உலகைக் கடைக்காரன் கணக்கேடாக எண்ணினர். வரவுக்குச் சரியாகப் பற்று இருக்கவேண்டும். அக்கணக்கில் அடங்காத மழை அங்கே பெய்துகொண்டிருக்கிறது. யோபு ஏன் துன்புற்றான் என்பது பற்றி இறைவன் ஒரு சொல்லும் கூறவில்லை. அதே அளவுக்குக் கருதத்தக்கது, அவன் செய்த குற்றம் என்று ஒன்றையும் சுட்டவில்லை என்பது.

அப்பால் வருகிறது தீர்ப்பு. இறைவன் எலிப்பாசை நோக்கி, அவன்மீதும் தோழர் இருவர்மீதும் தாம் சினங்கொண்டதாகவும், யோபு பேசியதுபோல் அவர்கள் தம்மைப்பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்றும் கூறுகிறார். இறைவன் சார்பில் வழக்காடியவர்கள் தோற்றனர். இறைவனோடு வழக்காடியவன் வென்றான். மறைநூல் ஒன்று இத்தீர்ப்பைத் தன்னுள் வைத்துக் காத்தது வியப்பேயாம். நண்பர்கள் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் பலியிடவேண்டும். யோபு அவர்களுக்காக மன்றாடவேண்டும். நண்பர்களுக்காக அவன் மன்றாடியபோதுதான் அவன் நிலை மாறிற்று என்று நூல் குறிக்கிறது.

அதற்கு முன் யோபு கூறும் கடைசிச் சொற்றொடர் மொழிபெயர்ப்பாளரை இன்றளவும் மயங்க வைக்கிறது. புழுதியையும் சாம்பலையும் குறிப்பிட்டு அவன் ஆளும் வினையின் வேர் 'நஹம்'. அதற்கு 'மனம் வருந்தித் திரும்புதல்' என்றும் பொருள் உண்டு. 'ஆறுதல் பெறுதல்' என்றும் பொருள் உண்டு. முதற்பொருள் கொண்டால் யோபு பணிந்தான். இரண்டாவது கொண்டால் யோபு தேறினான். நண்பர்கள் அவனைத் தேற்ற வந்தனர் என்று இரண்டாம் அதிகாரம் கூறுமிடத்தும் இதே வேர்தான் நிற்கிறது. மூவர் முயன்றும் நிகழாத ஒன்று முடிவில் நிகழ்ந்தது என்று இரண்டாம் பொருளை ஏற்போர் கூறுவர். நூலின் போக்குக்கு அதுவே இயைபுடையது.

ஆடும் ஒட்டகமும் இரட்டிப்பாகத் திரும்பின: 14,000 ஆடுகள், 6,000 ஒட்டகங்கள். பிள்ளைகளோ பதின்மரே, இருபதின்மர் அல்லர். புதல்வர் பெயர் கூறப்படவில்லை. புதல்வியர் மூவர் பெயரும் கூறப்படுகின்றன. கடைசி மகளின் பெயர் கேரேனாப்புக். கண்ணுக்கு மை தீட்டும் கொம்புச் சிமிழ் என்பது அதன் பொருள். சாம்பலில் கிடந்து எழுந்தவன் மகளுக்கு இட்ட பெயர் அது. உடன்பிறந்தாரோடு அவர்களுக்கும் சொத்தில் பங்கு தந்தான். அக்காலத்துக்கு இது அருஞ்செயல்.

இனி, இந்நூலை யூதச் சான்றோர் எவ்வாறு வாழ்க்கையில் கொண்டனர் என்பதைக் காணலாம். யோபு என்று ஒருவன் வாழ்ந்ததே இல்லை, அவன் கதை ஓர் உவமையே என்று கூறிய அறிஞரின் கருத்தையும் தால்முத் மறையாமல் பதிவு செய்கிறது. அவ்வாராய்ச்சியினும் பெரிது அதே தால்முத்தின் வணிகச் சட்டங்களுக்கு நடுவே காணப்படும் ஒரு விதி. 'பாபா மெட்சியா' என்னும் பகுதியில், வாங்கல் விற்றலில் ஒருவரை ஏமாற்றுவது எவ்வாறு குற்றமோ அவ்வாறே சொல்லால் ஒருவரைப் புண்படுத்துவதும் குற்றம் என்று கூறப்படுகிறது. வாங்கும் எண்ணமின்றி விலை கேட்பது அதற்கு ஒரு சான்று. திருந்தியவனுக்கு அவன் பழைய செயலை நினைவூட்டுவது மற்றொன்று. நோயுற்றவனிடமோ பிள்ளைகளை அடக்கம் செய்தவனிடமோ யோபுவின் நண்பர்கள் பேசியவாறு பேசுவது இன்னொன்று. எலிப்பாசின் அந்த முதல் மென்மொழியே அங்கே எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. கடுமொழி காட்டப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பொருளால் செய்த தீங்கினும் இது பெரிது என்பதற்குக் காரணமும் கூறினர்: பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், சொல்லை மீட்க இயலாது.

ஆயின், துன்பம் வந்தால் தன் செயல்களை ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்று தால்முத்தே 'பெராக்கோத்' என்னும் பகுதியில் கூறுகிறதே, இது முரண் அன்றோ என்று வினவலாம். முரண் அன்று. ஆராய வேண்டியவன் துன்புற்றவன். அவனுக்காக வேறொருவன் ஆராய்ந்து முடிவு கூறுதல் ஆகாது. ஒருவன் தன்னை நோக்கிக் கேட்கும்போது தவமாக நிற்கும் வினா, பிறன் அவனை நோக்கிக் கேட்டமாத்திரத்தில் குற்றமாகிவிடுகிறது. துன்பத்தில் பொருள் காணும் உரிமை அதைச் சுமப்பவனுக்கு மட்டுமே உண்டு என்பது யூத மரபின் மிக உயர்ந்த முடிபுகளுள் ஒன்று.

இதற்கு இலக்கியமாக நின்றவர் இரபி யோகனான். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவிலுள்ள திபேரியாவில் வாழ்ந்த பேராசிரியர். யோபு இழந்ததுபோல் இவரும் பத்துப் பிள்ளைகளை இழந்தவர். பத்தாம் மகனின் எலும்பு ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்தார் என்பர். நோயுற்ற தோழரைக் காணப் போனால் இவர் கேட்பது ஒரே வினா: இத்துன்பங்கள் உனக்கு இனியனவா? துன்பத்தை அன்போடு ஏற்பவனுக்குப் பெரும்பயன் உண்டு என்று போதித்த கூட்டத்தார் இவர்கள். ஆயினும் நோயாளி, துன்பமும் வேண்டா, அதன் பயனும் வேண்டா என்று விடை கூறுவான். யோகனான் அவனைத் திருத்த மாட்டார். கையைக் கொடு என்று கேட்டு, பிடித்துத் தூக்கிவிடுவார். தாமே நோயுற்றபோது வேறொருவர் வந்து இவரைக் கேட்க, இவரும் அதே விடையைக் கூறினார். தம்மைத் தாமே தூக்கிக்கொள்ளாதது ஏன் என்ற வினாவுக்கு, சிறைப்பட்டவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது என்பது தால்முத் தரும் விடை.

மற்றொரு நாள், இருட்டறையில் கிடந்த எலெயாசர் என்னும் அறிஞரைக் காணப் போனார். அவர் அழுதுகொண்டிருந்தார். கற்றது போதாதென்றா, வறுமையாலா, பிள்ளைகள் பொருட்டா என்று வரிசையாகக் காரணம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சமாதானமும் கூறினார் யோகனான். எதுவும் பொருந்தவில்லை. யோகனான் மிக அழகிய தோற்றமுடையவர். இவ்வழகும் ஒருநாள் மண்ணில் மக்கிவிடுமே என்று அழுவதாக எலெயாசர் கூறினார். அது அழத்தக்கதுதான் என்றார் யோகனான். இருவரும் சேர்ந்து அழுதனர். கையைப் பிடித்துத் தூக்கியது அதன் பிறகே.

நூற்றாண்டுகள் பல கடந்து, 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிதீசு யோபு நூலைத் தத்துவ நோக்கில் ஆய்ந்தார். யோபு நல்லவன் என்று நூல் கூறுகிறதேயன்றி அறிவுடையவன் என்று கூறவில்லை. அறிவு பெற்றபின் செல்வமும் மக்களும் உடல்நலமுமே பேரின்பம் அல்ல என்று உணர்ந்தான் என்பது அவர் கொள்கை. அதே மைமோனிதீசின் தம்பி தாவீது வணிகத்தின் பொருட்டுச் சென்று இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். செய்தி கேட்டு ஏறத்தாழ ஓராண்டு படுக்கையில் கிடந்ததையும், எட்டாண்டு கடந்தும் ஆறுதல் காணாததையும் அவர் ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். கொள்கையையும் கடிதத்தையும் ஒருங்கே படிப்பவர்க்கு இரண்டாவதே யோபுவுக்கு அணுக்கமாகத் தோன்றும்.

அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட பேரழிவின்பின் அவ்வினா மீண்டும் எழுந்தது. 1956-இல் நியூயார்க்கு யெஷிவா பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றிய இரபி யோசேப்பு சொலோவெய்ச்சிக், 'ஏன்' என்னும் வினாவுக்கு மனிதன் விடை காணான், 'துன்புற்றவன் இனிச் செய்யவேண்டியது யாது' என்பதே கேட்கத்தக்க வினா என்றார். யோபு முன்பு தன் குடும்ப நலத்தையே மிகுதியும் நாடினான், பிறர்க்காக மன்றாடியபோது மீண்டான் என்றும் விளக்கினார். முற்பகுதி வலிமையுடையது. பிற்பகுதியில் அப்பெரியாரும் யோபுவிடம் ஒரு குறை தேடுவோர் வரிசையில் சற்றே அமர்ந்துவிட்டார் என்று கூறத் தோன்றுகிறது. பார்வையற்றவனுக்குக் கண்ணும் முடவனுக்குக் காலுமாக இருந்ததாக யோபுவே சொல்லியிருக்கிறான். இறைவனும் அதை மறுக்கவில்லை.

இன்றும் யூதர் வீட்டில் சாவு நேர்ந்தால், அடக்கத்தின்பின் நெருங்கிய உறவினர் ஏழு நாள் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்திருப்பர். துக்கம் காப்பவர்க்குத் தோரா படிப்பு விலக்கு. யோபு நூல் படிக்கலாம். காண வருவோர் வாயிலில் முகமன் கூறார். உள்ளே வந்து அமர்ந்து, துக்கத்திலிருப்பவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பர். தேற்ற வந்தோர் முதலில் பேசலாகாது என்று யோபு நூலைச் சான்று காட்டி விதித்தவர் அந்த யோகனானே. புறப்படும்போது கூறுவதற்கு ஒரு வாய்பாடு உண்டு. நடு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா வழிவந்த யூதரிடையே வழங்கும் வாய்பாட்டில், 'நஹம்' என்னும் அதே வினை வருகிறது. இறைவனைக் குறிக்க அங்கே வரும் பெயர் 'இடம்' எனப் பொருள்படும் 'ஹம்மாக்கோம்'. தேற்றுதல் என்னும் வினைக்கு எழுவாய் அப்பெயரே, வந்தவர் அல்லர். அதைக் கூறிவிட்டு அவர்கள் எழுந்து போவர்.